பிட்டின் பழமை

சிற்றுண்டி வகைகளுள் பிட்டு மிக எளியது. எனினும் அவ்வெளிய பண்டமே சிவபெருமானுக்குக் கூலியாக அமைந்தது என்பது சைவ உலகம் நன்கறிந்த செய்தி. அதன் தொன்மை ஈண்டு ஆராயத்தக்கது.

சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையில், புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்தோருள் காழியர், கூவியர் என்போர் கூறப்படுகின்றனர். காழியரைப் பிட்டு வாணிகர் என்றும், கூவியரை அப்ப வாணிகர் என்றும் பழைய உரைகாரர் விளக்குவர். இரவில் கடற்கரையில் அவர்தம் விளக்குகள் ஒளிர்ந்தமையைக் கடலாடு காதை காட்டுகின்றது. ஆகவே பிட்டு, அரண்மனை அடிசிலாக அன்றி, விலைக்கு விற்ற மக்கள் உணவாகவே நமக்கு முதலிற் காட்சி தருகின்றது.

பிட்டின்பொருட்டு இறைவன் மண் சுமந்தமையை மாணிக்கவாசகர் திருவாசகத்துட் போற்றினார். பரஞ்சோதி முனிவர் அதனை 64 திருவிளையாடல்களுள் 61-ஆவதாக விரித்தோதினார். வைகை பெருகிக் கரை உடைய, வீட்டுக்கு ஓர் ஆள் வருக எனப் பாண்டியன் ஆணையிட்டான். பிட்டு விற்று வாழ்ந்த முதியவளாகிய வந்திக்கோ ஆளும் இல்லை, கூலிக்குப் பொருளும் இல்லை. கூலியாளாய் வந்த பெருமான் உதிர்ந்த பிட்டையே கூலியாக ஏற்றான் என்பது வழக்கு. பிட்டு மாவிற் பசையில்லை. ஆதலின் உதிர்தல் அதன் இயல்பு. விலைக்கு ஆகாத உதிரியே இறைவனுக்கு உவப்பாயிற்று.

அவ்வைகைக்கு நீரளிக்கும் மலைச்சாரல்களுள் போடிநாயக்கனூர்ச் சாரலும் ஒன்று. இம்மலைகளிற் பிறக்கும் கொட்டகுடியாறு போடியைக் கடந்து சென்று, ஈற்றில் வைகைப் புனலிற் சேர்கின்றது. மலைமேல் விளையும் ஏலக்காயோ, போடிச் சந்தை வழியே நாடெங்கும் செல்கின்றது. பச்சரிசியை ஊறவைத்து இடித்து, மாவை வறுத்து, உப்புநீர் தெளித்துப் பிசிறி, ஆவியில் அவித்து, வெல்லப்பாகும் தேங்காய்த் துருவலும் நெய்யும் கூட்டியபின், ஏலப்பொடி தூவிய போதே இனிப்புப் பிட்டு மணம் நிறைவெய்தும். மலையாளத்தார் மூங்கிற் குழலிலும், யாழ்ப்பாணத்தார் பனையோலை நீற்றுப்பெட்டியிலும் பிட்டவிப்பது மரபு.

மதுரையில் ஆவணி மூலத் திருநாளில் பிட்டுத் திருவிழா இன்றும் நிகழ்கின்றது. குடமுழுக்குக்குப் பொருள் வழங்கும் அன்பர் அதன் கருத்தை உளங்கொள்ளல் வேண்டும். கரை அமைக்க ஆணையிட்டவன் அரசன். பெருமான் திருமேனி பிரம்படி ஏற்றதோ வந்தியின் உதிர்ந்த பிட்டின்பொருட்டு. ஆதலின் திருப்பணிக்கு ஒருபிடி மாவு ஈந்தாரும் பெருநிதி ஈந்தாரோடு ஒப்ப வைத்து எண்ணத்தக்கவரே. மண் சுமந்தும் கல் சுமந்தும் உழைத்தார்க்குரிய கூலியைக் குறையாது அளித்தலும் சிவபூசையே ஆகும்.

திருச்சிற்றம்பலம்.