மண்டை: கலமும் தலையும்

'மண்டை' என்னும் சொல்லைக் கொச்சையெனக் கருதி ஒதுக்கும் கவிஞர் உளர். பேச்சு வழக்கில் அது வசைமொழியோடு கூடி வருவது காரணமாகலாம். ஆயின், சங்கச் சான்றோர் மண்டை என்று பாடியது பாணரும் இரவலரும் உணவேற்ற கலத்தை. அதியமான் மாய்ந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலையை (புறநானூறு 235) நினைக. அவன் மார்பில் தைத்த வேல் அங்கு நில்லாது, பாணரின் அகன்ற மண்டையைத் துளைத்து, இரப்போர் கையையும் ஊடுருவி, இறுதியில் புலவர் நாவில் சென்று வீழ்கிறது. இங்கு மண்டையைத் தலையோடு எனக் கொள்ளும் மாணவர், புரவலனை இழந்தோரின் பசியைக் காணாதே போவர்.

கலப்பெயரும் தலைப்பெயரும் ஒன்றாதல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. இலத்தீனில் மட்கலத்தைச் சுட்டிய 'டெஸ்டா', பிரெஞ்சில் 'தேத்' எனத் தலையாயிற்று. செருமானியர் தலையைக் குறிக்கும் 'கொப்ஃப்' முன்பு கிண்ணம். வடமொழிக் கபாலம் தலையோட்டை மட்டுமன்றி, வேள்வியில் புரோடாசம் என்னும் அப்பத்தைச் சுடும் மண்ணோட்டையும் குறிக்கும். நம் 'ஓடு' என்னும் சொல்லோ பானைச் சில்லையும் திருவோட்டையும் தலையெலும்பையும் ஒருங்கே தழுவுவது.

சொல்லளவில் அன்றிப் பொருளளவிலும் இவை ஒன்றாகும் இடம், 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் வடமொழியில் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனம். காஞ்சித் தெருக்களில் காபாலிகன் ஒருவன் தான் பிச்சையேற்கும் மண்டையோட்டைத் தொலைத்துத் தேடுகிறான். பௌத்தத் துறவியைக் கள்வனென்று பற்றி வழக்காடுகிறான். கவர்ந்து சென்றதோ நாய். அதனிடமிருந்து பறித்துக்கொண்டு வந்தவன் ஒரு பித்தன்.