பட்டமில்லாத வீரருக்குப் பக்கம் உண்டா?

வட்டார அளவில் மட்டும் பேர் வாங்கிய செஸ் வீரருக்கு விக்கிபீடியாவில் தனிப் பக்கம் தேவையா? பட்டமில்லை என்றால் வேண்டாம் என்பார்கள் பலர்.

அப்படியானால் 19ஆம் நூற்றாண்டு வங்காளத்தின் மகேஷ் சந்திர பானர்ஜிக்கும் இடமில்லை. அவருக்கு எந்தப் பட்டமும் கிடையாது. ஆனால் கல்கத்தாவில் வழக்கறிஞராக இருந்த ஜான் காக்ரேனுடன் அவர் மோதிய ஆட்டங்கள் குறித்து வைக்கப்பட்டன, அச்சிலும் வந்தன. 1855இல் கறுப்புக் காய்களுடன் அவர் ஆடிய தற்காப்பு முறையைத்தான் 1922இல் எர்ன்ஸ்ட் குரூன்ஃபெல்ட் பெரிய போட்டிகளுக்குக் கொண்டு வந்தார். இன்று அதற்குக் குரூன்ஃபெல்டின் பெயர்! அந்தக் குறிப்புகள் மட்டும் இல்லையென்றால் பானர்ஜி என்றொருவர் இருந்ததே நமக்குத் தெரிந்திருக்காது.

ஆக, அளவுகோல் பட்டமல்ல. பிறர் எழுதி வெளியிட்ட நம்பகமான பதிவு. உங்கள் ஊர் வீரருக்குப் பக்கம் வேண்டுமா நண்பர்களே? முதலில் அவர் ஆட்டங்கள் அச்சேறட்டும்.