இத்தாலிய வினைத்திரிபின் உருவாக்கம்: தன்மை ஒருமை விகுதி ஒன்றை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

இத்தாலிய மொழியின் வினைத்திரிபு வாய்பாடு இலத்தீன் மொழியிலிருந்து இயல்பாக வந்து சேர்ந்த ஒன்றாகவே பாடநூல்களில் காட்சியளிக்கின்றது. அவ்வாய்பாட்டின் சில வடிவங்கள் ஒலிமாற்றத்தால் விளைந்தவை. சில, துணைவினைகள் விகுதிகளாகத் தேய்ந்ததால் தோன்றியவை. வேறு சில, இலக்கண ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் செய்த தெரிவால் நிலைபெற்றவை. தொடர் இறந்தகாலத் தன்மை ஒருமை விகுதியின் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு, நூல்வழக்கிற்கும் பேச்சுவழக்கிற்கும் இடையே நிகழ்ந்த நீண்ட இழுபறியை இக்கட்டுரை ஆராய்கின்றது.

கருச்சொற்கள்: இத்தாலியம், வினைத்திரிபு, விகுதி, துணைவினை, பெம்போ, மன்ட்சோனி, மொழித் தரப்படுத்தம்.

முன்னுரை

இன்றைய இத்தாலிய இலக்கண நூல்கள் வினைச்சொல்லை 7 நோக்குகளாகவும் 21 கால வடிவங்களாகவும் பகுத்துக் காட்டுகின்றன. நிகழ்வை உள்ளவாறு உரைப்பது, ஐயத்தையும் விருப்பத்தையும் குறிப்பது, நிபந்தனைக்கு உட்பட்டதை உரைப்பது, ஏவுவது ஆகிய 4 நோக்குகளும் இடமும் எண்ணும் காட்டும் வினைமுற்றுகளுக்கு உரியவை. எஞ்சிய 3 நோக்குகள் தமிழின் வினையெச்சம், பெயரெச்சம், தொழிற்பெயர் ஆகியவை ஆற்றும் பணிகளைத் தம்முள் பகிர்ந்துகொள்கின்றன. 21 வடிவங்களுள் 8 வடிவங்கள் முதல் நோக்கிற்கு மட்டுமே உரியவை. அவற்றுள்ளும் 5 வடிவங்கள் இறந்தகாலத்தின் வகைகளாகும்.

இவ்வளவு விரிந்த வாய்பாட்டை மனனம் செய்யும் மாணவர்க்கு அதன் ஒவ்வொரு கட்டமும் மாறாத விதியாகவே தோன்றும். அக்கட்டங்களுள் ஒன்றில் இன்று 'அமாவோ' (நான் நேசித்துக்கொண்டிருந்தேன்) என்னும் வடிவம் நிற்கின்றது. 16ஆம் நூற்றாண்டின் செல்வாக்கு மிக்க இலக்கண நூல் அவ்விடத்தில் 'அமாவா' என்பதையே ஏற்றது. இன்று பிழையெனத் திருத்தப்படுவது அன்று விதியாக இருந்தது என்பது இவ்வாய்பாட்டை வரலாற்று நோக்கில் அணுக வேண்டிய தேவையை உணர்த்துகின்றது.

இலத்தீனிலிருந்து இத்தாலியம்

இலத்தீன் வினைகள் 4 வகுப்புகளாக அமைந்திருந்தன. அவற்றுள் இரண்டாம், மூன்றாம் வகுப்புகள் உயிரொலியின் நெடுமை குறுமையால் வேறுபட்டவை. பேச்சு இலத்தீனில் அந்த அளவு வேறுபாடு மறைந்தபோது அவ்விரு வகுப்புகளும் பெரிதும் ஒன்றாயின. இதனால் இத்தாலியத்தில் 'ஆரே', 'எரே', 'இரே' என முடியும் 3 வகுப்புகளே எஞ்சின. எனினும், 'தெமேரே' (அஞ்சுதல்) என்பதில் ஈற்றயல் அசையிலும் 'க்ரேதெரே' (நம்புதல்) என்பதில் முதலசையிலும் அழுத்தம் விழுவது பழைய வேறுபாட்டின் எச்சமாகும்.

எதிர்கால வடிவத்தின் வரலாறு இதனினும் ஆழமானது. இலத்தீனில் 'அமாபித்' என்பது 'அவன் நேசிப்பான்' எனவும், 'அமாவித்' என்பது 'அவன் நேசித்தான்' எனவும் பொருள்படும். பேச்சில் இவ்விரண்டின் இடையொலிகளும் ஒன்றையொன்று நெருங்கியதால் எதிர்காலமும் இறந்தகாலமும் தம்முள் மயங்கின. இம்மயக்கமும் எதிர்கால வடிவங்கள் வகுப்புக்கு வகுப்பு வேறுபட்டமையும் பழைய எதிர்காலம் வழக்கொழிந்ததற்குரிய காரணங்களாகக் கூறப்படுகின்றன. அதனிடத்தில், 'நேசிக்க உடையேன்' என்று பொருள்படும் 'அமாரே ஹாபேயோ' என்னும் தொடர் வழங்கலாயிற்று. 'உடைமை' உணர்த்திய துணைவினை படிப்படியாகத் தேய்ந்து விகுதியாயிற்று. 'அமெரோ' (நேசிப்பேன்) என்னும் இன்றைய சொல்லின் ஈற்றில் நிற்கும் ஓகாரம் அத்துணைவினையின் எச்சமே ஆகும்.

நிபந்தனை நோக்கிற்கென இலத்தீனில் தனி வடிவம் இருந்ததில்லை. அதே துணைவினையின் இறந்தகால வடிவத்தை வினையோடு சேர்த்து மக்கள் அதனைப் புதிதாக ஆக்கிக்கொண்டனர். தொஸ்கானாப் பகுதியில் முடிந்த இறந்தகால வடிவம் சேர்ந்து 'அமெரேய்' (நேசிப்பேனாயிருந்தேன்) என்பது பிறந்தது. தொடர் இறந்தகால வடிவம் சேர்ந்து 'அமரியா' என்பது பிறந்தது. இரண்டாம் வகை, 13ஆம் நூற்றாண்டில் பேரரசர் இரண்டாம் பிரெடெரிக்கின் அவையைச் சார்ந்த சிசிலியக் கவிஞர்களின் வழியாகச் செய்யுள் மொழியில் இடம்பெற்றது. உரைநடையில் 'அமெரேய்' வேரூன்றிய பின்னரும், 19ஆம் நூற்றாண்டு வரை கவிஞர்கள் 'இயா' ஈற்று வடிவங்களைப் போற்றி வந்தனர்.

இறந்தகாலத்திலும் துணைவினையின் ஆட்சி பெருகியது. 'எழுதப்பட்ட மடலை உடையேன்' என்னும் இலத்தீன் தொடர், காலப்போக்கில் 'எழுதியிருக்கிறேன்' என்னும் பொருளைப் பெற்றது. தமிழ் இத்தகைய பொருளுக்கு 'இரு' என்னும் ஒரே துணைவினையைக் கொள்கின்றது. இத்தாலியமோ 'அவேரே' (உடைமை), 'எஸ்ஸெரே' (இருத்தல்) என இரண்டைக் கொள்கின்றது. 'செல்' முதலிய வினைகள் 'எஸ்ஸெரே'யை ஏற்கும்போது எச்சச்சொல்லே பால் காட்டுவதாகும். சென்றவன் ஆணெனில் 'அந்தாத்தோ' என்றும் பெண்ணெனில் 'அந்தாத்தா' என்றும் அது திரியும்.

பிளாரன்ஸ் நகர வழக்கு

மேற்கூறிய மாற்றங்கள் இத்தாலியத் தீபகற்பம் முழுவதும் ஒரே வகையில் நிகழவில்லை. ஒவ்வொரு நகரமும் தனக்கெனத் திரிபுமுறை ஒன்றைக் கொண்டிருந்தது. பிளாரன்ஸில் 'அமெரோ' வழங்க, அதற்கு அண்மையிலுள்ள சியேனாவில் 'அமரோ' வழங்கியது. தன்மைப் பன்மை நிகழ்காலத்தில் இலத்தீனுக்கு நெருங்கிய 'அமாமோ' பிற பகுதிகளில் நிலைத்திருக்க, பிளாரன்ஸ் 'இயாமோ' என்னும் ஈற்றை 3 வகுப்புகளுக்கும் பொதுவாக்கி 'அமியாமோ' என்றது. தாந்தே, பெத்ரார்க்கா, பொக்காச்சோ ஆகிய 14ஆம் நூற்றாண்டின் மூன்று பெரும் படைப்பாளர்களும் பிளாரன்ஸ் மொழியில் எழுதியமையால் அந்நகரத்தின் வடிவங்கள் இலக்கியத் தகுதி பெற்றன.

தொடர் இறந்தகாலத்தில் ஒரு சிக்கல் நிலவியது. இலத்தீனின் தன்மை ஒருமை 'அமாபாம்' என்பதும் படர்க்கை ஒருமை 'அமாபாத்' என்பதும் ஈற்று மெய் கெட்டு, இரண்டுமே 'அமாவா' என்றாயின. இதனால் 'நான்', 'அவன்' என்னும் சொற்கள் வெளிப்படையாக வாராதவிடத்து வினைமுற்று இடம் காட்டவில்லை. பிளாரன்ஸ் மக்களின் பேச்சு இதற்குத் தீர்வு கண்டது. நிகழ்காலத் தன்மை ஒருமையில் 'அமோ' (நேசிக்கிறேன்) என ஓகாரம் நிற்பதை ஒப்புமையாகக் கொண்டு, தன்மைக்கு 'அமாவோ' என்றும் படர்க்கைக்கு 'அமாவா' என்றும் அது பிரித்து வழங்கியது. ஆயினும், பெத்ரார்க்காவும் பொக்காச்சோவும் கையாண்ட மொழியில் தன்மைக்கும் ஆகார ஈறே உரியதாக இருந்தது.

அல்பெர்த்தியும் பெம்போவும்

15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியையொட்டி லியோன் பத்தீஸ்தா அல்பெர்த்தி இயற்றிய சிறு இலக்கணம், தம் காலத்துப் பிளாரன்ஸ் பேச்சை நோக்கி எழுதப்பட்டது. ஓகார ஈற்றை அது ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்நூல் அச்சேறவில்லை. 1508இல் பியெத்ரோ பெம்போவுக்காக எடுக்கப்பட்ட படி ஒன்றே வத்திக்கான் நூலகத்தில் எஞ்சியது. 1908இல்தான் அது அச்சில் வெளிவந்தது. முதலில் அச்சேறிய இத்தாலிய இலக்கணம், 1516இல் அங்கோனாவில் வெளிவந்த பொர்தூனியோவின் நூலாகும். அது முற்காலப் பேராசிரியர் மூவரின் நூல்களிலிருந்து விதிகளை வகுத்தது.

வெனிஸ் நகரத்தவரான பெம்போ 1525இல் வெளியிட்ட மக்கள்மொழி பற்றிய உரையாடல் நூல் இவ்விவாதத்தில் தீர்ப்பாக அமைந்தது. அதன் மூன்றாம் பகுதி வினைத்திரிபை அட்டவணையாக அன்றி, ஜூலியானோ தெ மெதிச்சியின் கூற்றாக விரித்துரைக்கின்றது. செய்யுளுக்குப் பெத்ரார்க்காவும் உரைநடைக்குப் பொக்காச்சோவும் அளவுகோல் என்பது பெம்போவின் கொள்கை. அதன்படி 'அமாவா' விதியாயிற்று. பிளாரன்ஸ் மக்கள் நாள்தோறும் பேசிய 'அமாவோ' விதிக்குப் புறம்பாயிற்று.

இம்முடிவைப் பிழையென ஒதுக்கிவிடல் தகாது. அரசியல் ஒருமை இல்லாத ஒரு நிலப்பரப்பில், எந்த நகரத்தவரும் நூல்வழிக் கற்கத்தக்க பொதுமொழி ஒன்றைப் பெம்போவின் முறை வழங்கியது. வாழும் பேச்சை அளவாகக் கொண்டிருந்தால் தொஸ்கானாவில் பிறவாதவர்க்கு அது எளிதில் எட்டியிராது. பெராராவில் வாழ்ந்த அரியோஸ்தோ, தம் காப்பியத்தின் 1532ஆம் ஆண்டுப் பதிப்பைப் பெம்போவின் விதிகளை நோக்கித் திருத்தியமை இதற்குச் சான்றாகும். எனினும், இதற்குக் கொடுத்த விலை பெரிது. எழுத்துமொழி பேச்சிலிருந்து விலகி, கற்றோர்க்கே உரியதாக நின்றது.

மன்ட்சோனியின் திருத்தம்

1785இல் மிலானில் பிறந்த அலெஸ்ஸாந்த்ரோ மன்ட்சோனிக்கு இத்தாலியம் நூல்வழிக் கற்ற மொழியே ஆகும். நாள்வழக்கில் அவர் மிலான் பேச்சையும் பிரெஞ்சையும் கையாண்டார். 'மணம் பேசப்பட்டோர்' என்று பொருள்படும் தலைப்புடைய அவருடைய புதினம் 1827இல் நிறைவாக வெளிவந்தது. அதே ஆண்டு அவர் பிளாரன்ஸ் சென்று தங்கினார். கற்ற பிளாரன்ஸ் மக்களின் பேச்சே தேசிய மொழிக்கு அடிப்படையாக வேண்டும் என்னும் கருத்து அவரிடம் உறுதிப்பட்டது. அக்கருத்தின்படி புதினம் முழுவதையும் திருத்தி 1840 முதல் 1842 வரை மீண்டும் வெளியிட்டார். அத்திருத்தங்களுள் ஒன்று, தன்மை ஒருமையில் ஆகார ஈற்றை நீக்கி ஓகார ஈற்றை அமைத்தமையாகும். பெம்போவின் நூல் வெளிவந்து 315 ஆண்டுகளுக்குப் பின்னர், பேச்சின் விகுதி பெருநூல் ஒன்றில் முறையாக இடம்பெற்றது.

1861இல் இத்தாலி ஒரே அரசாயிற்று. அப்போது இத்தாலியம் பேசத் தெரிந்தோர் மக்கள்தொகையில் 2.5 விழுக்காட்டினர் என்பது துல்லியோ தெ மௌரோவின் கணிப்பு; சுமார் 10 விழுக்காட்டினர் என்பது அர்ரீகோ கஸ்தெல்லானியின் கணிப்பு. எவ்வாறு கொள்ளினும், மிகப் பெரும்பான்மையோர்க்கு இவ்வினைத்திரிபு பள்ளியில் கற்கவேண்டிய ஒன்றாகவே இருந்தது. 1868இல் அரசுக்கு அளித்த அறிக்கையில் மன்ட்சோனி பிளாரன்ஸ் வழக்கை நாடெங்கும் பரப்பும் வழிகளை முன்வைத்தார். மொழியியலறிஞர் அஸ்கோலி 1873இல் இதனை மறுத்தார். ஒரு நகரத்தின் பேச்சை மேலிருந்து புகுத்துவதால் மொழி ஒருமை விளையாது. அறிவுச் செயற்பாடு நாடெங்கும் பரவுவதன் பயனாகவே அது விளையும் என்பது அவர்தம் வாதமாகும்.

ஓகார ஈறு படிப்படியாகப் பொதுவழக்காயிற்று. மன்ட்சோனியின் செல்வாக்கு அதற்குத் துணைநின்றது. தன்மையையும் படர்க்கையையும் பிரித்துக் காட்டும் பயன் அவ்வீற்றுக்கு இருந்தமையும் கருதத்தக்கது. மாறாக, எல்லாக் கட்டங்களிலும் இத்தகைய ஒருமை ஏற்படவில்லை. எழுத்தில் இருவகை இறந்தகாலமும் வழங்கினும், வட இத்தாலியப் பேச்சில் துணைவினை சேர்ந்த இறந்தகாலமே பெரிதும் வழங்குகின்றது. சிசிலி முதலிய தென்பகுதிகளில் இலத்தீன் வழிவந்த தனிவடிவம் வலுவாக உள்ளது. தொஸ்கானா இரண்டையும் பொருள் வேறுபாட்டோடு கையாள்கின்றது.

முடிவுரை

இத்தாலிய வினைத்திரிபு வாய்பாடு வேறுவேறு காலங்களில், வேறுவேறு காரணங்களால் உருவான வடிவங்களின் தொகுப்பாகும். 'அமெரோ' என்பதில் தேய்ந்த துணைவினையும், 'அமியாமோ' என்பதில் ஒரு நகரத்தின் வழக்கும், 'அமாவோ' என்பதில் நூலுக்கும் பேச்சுக்கும் நிகழ்ந்த இழுபறியும் பதிந்துள்ளன. வழக்கு, செய்யுள் ஆகிய இரண்டையும் இலக்கணத்திற்கு அடிப்படையாகக் கொண்ட தமிழ் மரபில் பயின்றோர்க்கு இவ்வரலாறு அயலானதன்று. பெம்போ செய்யுளையும் முன்னோர் உரைநடையையும் நோக்கினார்; மன்ட்சோனி வழக்கை நோக்கினார். முன்னவர் பரந்த நிலப்பரப்பிற்குப் பொது எழுத்துமொழியைத் தந்தார். பின்னவர் அதனை வாழும் பேச்சோடு இணைக்க முயன்றார். இன்றைய வாய்பாடு அவ்விருவர் பணிகளையும் ஒருங்கே தாங்கி நிற்கின்றது. எனவே, மரபிலக்கண விதியிலிருந்து விலகும் பேச்சு வடிவத்தைப் பிழையென ஒதுக்குமுன், அது மொழியின் எக்குறையை நிரப்ப எழுந்தது என ஆராய்தல் இன்றியமையாததாகும்.