பிடித்துக் காட்டில் விடுவது தீர்வா? ஆத்தூர் அடிவாரத்து நாட்டுக் குரங்குகளை முன்வைத்து

திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூர் வட்டாரத்தின் தென்னந்தோப்புகள் கீழ்ப்பழனி மலையின் அடிவாரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. காமராசர் அணைக்கு மேலே காடு. கீழே தென்னை, மா, கொய்யா, வாழை. இந்த எல்லையில் வாழ்கிற நாட்டுக் குரங்கு குரும்பையைப் பறித்து எறிகிறது, இளநீரைக் கடித்துக் குடிக்கிறது, ஓட்டைப் பிரித்து வீட்டுக்குள் இறங்குகிறது. உழவரின் இழப்பு உண்மையானது. அதைச் சிறிதாக்கிப் பேசும் உரிமை ஆய்வாளருக்கு இல்லை. ஆனால் அந்த இழப்புக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பரிகாரம் ஒன்றுதான்: கூண்டு வைத்துப் பிடித்து, வண்டியில் ஏற்றி, வேறொரு காட்டில் விட்டுவிடுவது. இந்த முறை குரங்கின் சமூக வாழ்வை அறியாததால் எழுந்தது என்பதும், தொல்லையைக் குறைக்காமல் இடம் மாற்றுகிறது என்பதுமே இக்கட்டுரையின் வாதம்.

நாட்டுக் குரங்கு தென்னிந்தியாவுக்கு மட்டுமே உரிய இனம். கடுவன்கள் பல, மந்திகள் பல, குட்டிகள் எனக் கூட்டமாக வாழும். மந்தி பிறந்த கூட்டத்திலேயே வாழ்ந்து முடிக்கும். அதன் தகுதிநிலை தாயின் தகுதிநிலையை ஒட்டி அமையும். கடுவன் வளர்ந்தபின் பெரும்பாலும் வேறு கூட்டம் தேடிப் போகும். ஆப்பிரிக்காவின் வெர்வெட் குரங்குகளிடமும் இதே அடிப்படை அமைப்பு இருக்கிறது. ஆனால் நாட்டுக் குரங்கின் கடுவன்களிடம் ஒரு தனிச் சிறப்பு உண்டு. பிற குரங்கினங்கள் பலவற்றில் வளர்ந்த ஆண்கள் ஒன்றையொன்று விலக்கி வைக்கும். இவையோ அருகருகே அமர்ந்து பேன் பார்க்கும், கட்டிக்கொண்டு உட்காரும், சண்டையில் துணை நிற்கும். இந்த இணக்கத்தை 1960களிலிருந்தே கள ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட கூட்டத்தில் கூண்டு என்ன செய்யும்? பசித்தது, துணிந்தது, அருகில் நின்றது எதுவோ அது அகப்படும். தாய் ஒரு வண்டியிலும் மகள் தோப்பிலுமாகப் பிரியும். எஞ்சியவை அதே தோப்பில் நிற்கும். போனவை இறக்கிவிடப்பட்ட காட்டில் ஏற்கெனவே இடம் பிடித்திருக்கும் கூட்டங்களோடு மோதும். எந்த அத்தி எந்த மாதம் பழுக்கும், கோடையில் எந்தப் பாறையிடுக்கில் நீர் நிற்கும் என்பது வந்தவற்றுக்குத் தெரியாது. அவற்றுக்குத் தெரிந்த உணவிடம் சாலையும் வீடும்தான். அடுத்த ஊரைத் தேடி இறங்குகின்றன.

உணவறிவு கூட்டத்தில் கற்றுக்கொள்ளப்படுவது என்பதற்குத் தெளிவான சான்று தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. 2013இல் வெளியான ஆய்வொன்றில், வெர்வெட் கூட்டங்களுக்கு இளஞ்சிவப்பு, நீலம் என இரு நிறமூட்டிய மக்காச்சோளம் வைத்தார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நிறத்தில் மட்டும் கசப்பு ஏற்றப்பட்டது. பின்னர் கசப்பை அறவே நீக்கிய பிறகும், புதிதாகப் பிறந்த குட்டிகள் தாய் தின்ற நிறத்தையே தின்றன. அதைவிட வியப்பானது, வேறு கூட்டத்திலிருந்து வந்த கடுவன்கள் பெரும்பாலும் தம் பழைய பழக்கத்தைக் கைவிட்டுப் புதிய கூட்டத்தாரின் நிறத்துக்கு மாறியதுதான். தோப்பிலும் சாலையிலும் தின்னப் பழகிய ஒரு கூட்டத்தை மலைக்காட்டில் விடும்போது, அந்தப் பழக்கமும் அதோடு போகிறது. அங்குள்ளவற்றுக்குப் பரவவும் கூடும்.

நம் பக்கத்துச் சான்றும் உண்டு. கர்நாடகத்தின் பந்திப்பூரில் சாலையோர நாட்டுக் குரங்குகள் மனிதரை நோக்கி மெல்லக் கூவி, கையை நீட்டி உணவு கேட்பதை 2018இல் வெளியான ஓர் ஆய்வு விவரித்தது. பந்திப்பூர், முதுமலைப் பகுதிகளில் அனிந்தியா சின்காவும் உடனாய்வாளர்களும் ஒரே கடுவன் கொண்ட சிறு கூட்டங்கள் தோன்றியிருப்பதைக் கண்டார்கள். சுற்றுலாப் பயணிகள் போடும் உணவு அதற்குக் காரணங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. பல கடுவன்கள் இணங்கி வாழ்வதே இயல்பாக இருந்த ஓர் இனத்தில் இது சிறிய மாற்றமல்ல. கொடைக்கானல் மலைச்சாலையிலும் சிறுமலையின் கொண்டையூசி வளைவுகளிலும் வண்டியை நிறுத்திப் பிஸ்கட் போடுகிறவர்கள் புண்ணியம் என்று நினைத்துச் செய்வது, குரங்கின் குடும்ப அமைப்பையே கலைக்கக்கூடியது.

நோய் குறித்தும் ஒரு சொல். மனிதரின் காசநோய் குரங்குக்குத் தொற்றும். வெறிநோய் குரங்குக்கடியால் மனிதருக்கு வரலாம். 1957இல் கர்நாடகத்தின் சிமோகாப் பகுதியில் கியாசனூர்க் காட்டுக் காய்ச்சல் கண்டறியப்பட்டபோது, குரங்குகள் காட்டில் செத்து விழுந்தது மனிதருக்கு முன்னெச்சரிக்கையாக அமைந்தது. அதைப் பரப்புவது உண்ணி. ஆத்தூரை அந்நோயோடு இணைக்க எந்த முகாந்திரமும் இல்லை. ஆனால் மருத்துவச் சோதனையின்றி ஒரு காட்டுக் குரங்கை இன்னொரு காட்டுக்கு ஏற்றிச் செல்கிறவர்கள் அதன் உடலிலுள்ள உண்ணியையும் கிருமியையும் சேர்த்தே ஏற்றிச் செல்கிறார்கள்.

‘குரங்கு பெருத்துவிட்டது’ என்பது இந்தப் பரிகாரத்தின் ஆதாரக் கூற்று. மைசூர்ப் பகுதியில் செய்யப்பட்ட நெடுங்கால ஆய்வு இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது: இருபத்தைந்து ஆண்டுகளில் அங்கு நாட்டுக் குரங்குகள் 65 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டன. வடக்கிலிருந்து செம்முகக் குரங்கு இறங்கி இதன் வாழிடத்தைப் பிடித்துவருகிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இவ்வினத்தை இப்போது அழிவாய்ப்பு உள்ளவற்றில் சேர்த்திருக்கிறது. சாலையை அகலப்படுத்த ஆலும் அரசும் புளியும் வெட்டப்பட்டபோது, பழமும் உறங்க இடமும் இழந்த கூட்டங்கள் மனிதர் கண்ணில் படும் இடங்களில் நெருங்கின. கண்ணில் அதிகம் படுவதும் எண்ணிக்கையில் அதிகமாவதும் வேறுவேறு. இமாச்சலப் பிரதேசம் செம்முகக் குரங்குகளுக்குக் கருத்தடை செய்கிறது. அதை அப்படியே இங்கே கொண்டுவரக் கேட்பவர்கள், பரந்து வாழும் இனத்தையும் சுருங்கிவரும் இனத்தையும் ஒன்றாக எடைபோடுகிறார்கள்.

எனவே முதற்பணி கணக்கெடுப்பு. சித்தையன்கோட்டையிலிருந்து சிறுமலை அடிவாரம் வரை எத்தனை கூட்டங்கள், ஒவ்வொன்றிலும் கடுவன், மந்தி, குட்டி எத்தனை, எந்த மாதம் எந்தத் தோப்பில் இறங்குகின்றன என்பதை வனத்துறையும் காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகமும் உழவர்களைக் கூட்டிக்கொண்டு ஓராண்டு பதிவு செய்ய வேண்டும். அதுவரை கூண்டு வேண்டாம். மலைச்சாலையில் உணவு போடுவதற்குத் தண்டனை கண்டிப்பாக இருக்கட்டும். கண்மாய்க் கரையிலும் புறம்போக்கிலும் ஆலும் அத்தியும் நடப்படட்டும். தேங்காய் இழந்தவருக்கு இழப்பீடு தாமதமின்றிக் கிடைக்கட்டும். இவை அனைத்தையும் ஒருசேரத் தொடங்கும்படி மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.