விருந்தின் முதற் பண்டம்

தமிழில் 'விருந்து' என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே மூலப் பொருள். புதிதாய் வந்தவரைக் குறித்த அச்சொல், பின்னரே அவருக்குப் படைக்கும் உணவையும் குறிக்கலாயிற்று. அரபியில் விருந்தினரைச் சுட்டும் 'ளைஃப்' என்னும் சொல்லோ, சாய்தல், ஒரு பக்கம் நாடிச் சேர்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. இரண்டையும் சேர்த்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். நமக்குப் புதியவர் ஒருவர் நம் வாசலை நம்பிச் சாய்கிறார். அந்நம்பிக்கையைக் காப்பதே விருந்தோம்புவாரின் முதற் கடமை. உணவு அதற்கு அடுத்ததே.

நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் வரலாற்றில் திருமறை இதனைக் காட்டுகிறது. அறிமுகமற்ற சிலர் வந்து ஸலாம் உரைக்கின்றனர். உணவு வேண்டுமா என்று வினவி அவர்களைக் கூச்சத்துக்கு உள்ளாக்காமல், ஓசையின்றி உள்ளே சென்று, கொழுத்த கன்றைச் சுட்டுக் கொணர்ந்து அவர்கள் அருகிலேயே வைக்கிறார்கள் அந்நபி. அவர்கள் சென்றதைக் குறிக்கும் 'ராக' என்னும் சொல், பிறர் அறியாவண்ணம் நழுவிச் செல்வதைக் குறிக்குமென விரிவுரையாளர் விளக்குவர். ஆயினும் வந்தவர்களின் கைகள் உணவின்பால் நீளவில்லை. அதுகண்டு வீட்டுத் தலைவரின் உள்ளத்தில் அச்சம் எழுந்தது. உப்பைத் தின்றவர் தீங்கு செய்யார். உண்ண மறுப்பவரோ பகைகொண்டு வந்தவராகவும் இருக்கக்கூடும் என்பது பழைய வழக்கு. வந்தோர் வானவர் என்று அறிந்த பின்னரே அவ்வச்சம் நீங்கிற்று. எனவே அபயம் என்பது விருந்தினர்க்கு மட்டும் உரியதன்று, வீட்டார்க்கும் உரியது.

இவ்வபயத்தை முறித்த கதையையும் வரலாறு மறைக்கவில்லை. ஹிஜ்ரி 132இல் (கி.பி. 750) உமையாக்களின் ஆட்சி வீழ்ந்தபின், அப்பாசியத் தளபதி அப்துல்லாஹ் இப்னு அலீ, பாலஸ்தீனத்தின் அபூ ஃபுத்ருஸ் ஆற்றங்கரையில் அக்குலத்தார் பலரை அபயம் தந்து வரவழைத்துக் கொன்றார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். அப்பாசியரின் வெற்றிகள் எத்துணையோ இருந்தும், அந்தக் களங்கத்தைக் காலம் இன்னும் கழுவவில்லை.

இனி மதீனாவுக்கு வருவோம். ஹிஜ்ரி 5இல் (கி.பி. 627) அகழ் தோண்டிய நாட்களில், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பசித்திருந்ததைக் கண்டு ஜாபிர் (ரலி) அவர்கள் வீட்டுக்கு விரைந்தார்கள். இருந்தது ஒரு ஸாஉ கோதுமையும் அன்று, வெறும் வாற்கோதுமை. உடன் ஒரு சிறு ஆட்டுக்குட்டி. "நபியவர்கள் முன்னும் அவர்களின் தோழர்கள் முன்னும் என்னை அவமானப்படுத்திவிடாதீர்கள்" என்னும் கருத்தில் மனைவியார் எச்சரித்தார்கள். விருந்தை ஆக்கும் பெண்ணின் நெஞ்சிலுள்ள கவலை அன்றும் இன்றும் ஒன்றுதான்! ஜாபிர் (ரலி) இரகசியமாகச் சிலரையே அழைக்க, நபியவர்களோ அகழில் உழைத்த அனைவரையும் அழைத்து வந்தார்கள். ஏறத்தாழ ஆயிரம் பேர். வந்தவர்களை நோக்கி அவர்கள் பணித்ததைக் கவனியுங்கள்: நெருக்கியடிக்காமல் உள்ளே வருக என்பது. பின்னர்த் தம் கையாலேயே ரொட்டியைப் பிட்டு, இறைச்சியை எடுக்குந்தோறும் சட்டியையும் அடுப்பையும் மூடி மூடிப் பரிமாறினார்கள். எல்லோரும் உண்டபின் எஞ்சியதை, நீயும் உண்டு பிறர்க்கும் அனுப்பு என்று அவ்வம்மையாரிடமே விட்டார்கள். அவர்கள் அஞ்சிய அவமானம் அன்று அவ்வீட்டை அணுகவேயில்லை.

அன்னை ஸைனப் (ரலி) அவர்களின் வலீமாவிலும் இதே ஒழுங்கைக் காண்கிறோம். பத்துப் பத்துப் பேராக அமர்ந்து, அவரவர் முன்னுள்ளதை உண்டனர். ஆனால் உண்டு முடித்த சிலர் எழுந்து செல்லாமல் பேச்சில் ஆழ்ந்தனர். நாணத்தால் எதுவும் கூறாத நபியவர்கள் வெளியே சென்று திரும்பினார்கள், அவர்களோ அமர்ந்தேயிருந்தனர். வீட்டாரின் இச்சங்கடத்தைத் தீர்க்க இறைமறை வசனமே இறங்கிற்று. அழைப்பின்றி நுழையாமை, உண்டபின் கலைதல் என விருந்தினரின் கடமையும் அன்று வகுக்கப்பட்டது.

நல்லெண்ணமும் சில வேளை அச்சத்தை விளைக்கும் என்பதற்கு இப்னு பதூதா சான்று. 1330களில் அவர் அனத்தோலியாவின் லாதிக் நகரக் கடைத்தெருவைக் கடக்கையில், சிலர் பாய்ந்து அவர் கூட்டத்தாரின் குதிரைக் கடிவாளங்களைப் பற்றினர். வேறு சிலர் அவர்களோடு மல்லுக்கு நின்று கத்தியையும் உருவினர். மொழி புரியாத பயணியோ, கொள்ளையரிடம் சிக்கினோம் என்று நடுங்கினார். அரபி அறிந்த ஹாஜி ஒருவர் வந்து விளக்கிய பின்னரே செய்தி தெரிந்தது: அவர்கள் 'அகீ' என்னும் சகோதரக் குழுவினர், விருந்தினரை முதலில் யார் அழைத்துச் செல்வது என்பதே சண்டை! சீட்டுக் குலுக்கி வழக்குத் தீர்ந்தது. பகலெல்லாம் தொழில் செய்து ஈட்டியதை மாலையில் வந்தாரோடு பகிர்ந்துண்ட அம்மக்களின் கொடையை அவர் வியந்து போற்றினார். எனினும் நாம் கற்க வேண்டியது மற்றொன்று: அன்பு இருந்தால் மட்டும் போதாது, அது வந்தவருக்கு விளங்கும் மொழியில் இருத்தல் வேண்டும்.

காயல்பட்டினத்திலும் இலங்கையின் முஸ்லிம் ஊர்களிலும் ஒரே ஸஹனைச் சூழ்ந்து சிலர் அமர்ந்து உண்ணும் வழக்கம் நமக்குத் தெரிந்ததே. தட்டு என்னும் பொருளுடைய அரபுச் சொல்லே அது. அத்தட்டில் செல்வர்க்கு ஒரு பக்கம், ஏழைக்கு ஒரு பக்கம் என்று இல்லை. ஆனால் அந்தத் தட்டை அடையும் முன்னரே வாசலில் ஏழை நின்றுவிடுகிறாரே, அதுதான் வேதனை. செல்வர் அழைக்கப்பட்டு ஏழையர் விடப்படும் வலீமா உணவே உணவுகளில் தீயது என்பது நபிமொழியின் கருத்து. பந்தலின் அகலமும் பண்டங்களின் எண்ணிக்கையும் பேசப்படும் நாளில், அழைப்பு அட்டை எந்தத் தெருவோடு நின்றது என்பதையும் ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக.

விருந்து முடிந்ததும் ஒரு பணி எஞ்சும். மதீனாவில் ஓரிரவு ஒரு வீடு மனிதரோடு எரிந்தபோது, உறங்கும் முன் நெருப்பை அணைக்குமாறு நபியவர்கள் பணித்தார்கள். வந்தவர் நலமாய் வீடு சேர்ந்து, அடுப்பும் விளக்கும் அணைந்து, வீட்டார் அச்சமின்றிக் கண்ணயரும்போதே விருந்து நிறைவுறுகிறது. அந்த அச்சமின்மையே விருந்தின் முதற் பண்டம். கடைசிப் பண்டமும் அதுவே.