தாமிரபரணிக் கரையில் கிராமபோனும் ரேடியோவும்

திருநெல்வேலிச் சீமையில் பாட்டுப் பெட்டியின் வரலாறு, அந்தப் பெட்டி எந்த விசையில் ஓடியது என்பதைப் பொறுத்தே நகர்ந்தது. முதலில் சாவி கொடுத்து முறுக்கும் ஸ்பிரிங், அடுத்து பேட்டரி, அதன்பின் தாமிரபரணி நீரில் உற்பத்தியான மின்சாரம் என்று மூன்று கட்டங்களைப் பிரிக்கலாம்.

இந்தியாவில் கிராமபோன் கம்பெனியின் முதல் இசைப்பதிவு 1902-இல் கல்கத்தாவில் நடந்தது. தொடக்கத்தில் ஜெர்மனியில் அச்சான தட்டுகள், 1908 முதல் கல்கத்தா ஆலையிலேயே அச்சாயின. அரக்கு கலந்து செய்த இத்தட்டுகள் நிமிடத்துக்கு 78 முறை சுற்றும்; ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம் பாடும். மின்சாரம் தேவைப்படாததால் ஸ்பிரிங் கிராமபோன் கிராமத்துப் பெரிய வீடுகளுக்கும் எளிதில் போனது.

இசைத்தட்டால் நிலைத்த குரல்களில் முதன்மையானது நாடக நடிகர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவுடையது. விடிய விடிய நடக்கும் நாடகத்தில் நீட்டி நிரவிப் பாடிய பாட்டு, தட்டுக்காக மூன்று நிமிடத்துக்குள் சுருங்கியது. 1906-இல் பிறந்த அவர் 1933-இல், 27 வயதில் மறைந்தார். பேசும்படங்களில் அவர் நடிக்காததால், அவருடைய குரலுக்கு இன்று இசைத்தட்டுகளே சாட்சி. செங்கோட்டை அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1956-இல்தான் நெல்லை மாவட்டத்தோடு இணைந்தது.

அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-லும் திருச்சி நிலையம் 1939-லும் தொடங்கின. அன்றைய ரேடியோக்கள் வால்வில் இயங்கியவை. கூரைமேல் ஏரியல் கம்பி கட்டவேண்டும். ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் பணம் கட்டி லைசென்ஸ் புதுப்பிக்கவேண்டும். கரண்ட் இல்லாத ஊர்களில் வால்வு செட்டுகள் பேட்டரியை நம்பியிருந்தன. 1944-இல் தாமிரபரணியின் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அடுத்த இருபது ஆண்டுகளில் மின்கம்பிகள் ஊர் ஊராகப் போகப்போக, நேரடியாக மின்சாரத்தில் ஓடும் ரேடியோக்கள் பெருகின. ரேடியோவையும் இசைத்தட்டுச் சுழலியையும் ஒரே மரப்பெட்டியில் அடக்கிய ரேடியோகிராம் வசதியான வீடுகளின் கூடத்துக்கு வந்தது.

1952-இல் பி.வி. கேஸ்கர் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பின் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அரிதானது. அந்த இடத்தை இலங்கை வானொலி பிடித்துக்கொண்டது. கடலுக்கு அப்பால் அருகிலேயே இருந்ததால் தென்மாவட்டங்களில் அதன் தமிழ் ஒலிபரப்பு தெளிவாகக் கேட்டது. 1957-இல் விவித் பாரதி தொடங்கிய பிறகும் இலங்கையின் செல்வாக்கு நீடித்தது. திருநெல்வேலிக்குச் சொந்த வானொலி நிலையம் 1963-இல் கிடைத்தது.

வீட்டில் பெட்டி இல்லாதவர்களுக்குப் பாட்டைக் கொண்டுவந்தது ‘ரேடியோ செட்’. இங்கு அந்தப் பெயர் வாடகை ஒலிபெருக்கியைக் குறிக்கும். ஆம்ப்ளிஃபையர், தட்டுச் சுழலி, மரத்தின் உச்சியில் கட்டும் குழாய் ஆகியவை சேர்ந்தது ஒரு செட். கல்யாணம், சடங்கு, அம்மன் கொடை, சுடலைமாடன் கொடை எல்லாவற்றிலும் அது ஒலித்தது. கல்லிடைக்குறிச்சிக்கு அருகிலுள்ள காருகுறிச்சியைச் சேர்ந்த அருணாசலத்தின் நாகஸ்வரம், ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தின் இசைத்தட்டு வழியே பந்தல்தோறும் கேட்டது. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வசனத் தட்டுகளும் அப்படியே பரவின.

டிரான்சிஸ்டர் வந்ததும் வால்வு ஒதுங்கியது. 1980-களில் கேசட் தட்டை ஒதுக்கியது. பழைய பெட்டிகள் பரணுக்கு ஏறின. அவற்றை மீட்பவர்கள் சந்திக்கும் பழுதுகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. மின்தேக்கிகள் காய்ந்தோ கசிந்தோ போயிருக்கும். ஒயரின் ரப்பர் உறை உதிரும். நிலையம் பிடிக்கும் முள்ளை இழுக்கும் நூல் அறுந்திருக்கும். சுழலியைத் தேய்த்து ஓட்டும் ரப்பர் சக்கரம் இறுகிவிடும். தட்டிலிருந்து ஒலியை எடுக்கும் பழைய பிக்கப்புகளில் உள்ள ரோஷெல் உப்புப் படிகம் வெக்கையிலும் ஈரத்திலும் கெடும் என்பதால் இப்பகுதியில் அது பிழைத்திருப்பது அரிது. ஸ்பிரிங் கிராமபோனில் பழைய கிரீஸ் கட்டிப்போய் வேகம் தடுமாறும். அதைக் கழற்றிக் கழுவிப் புது கிரீஸ் இட்டால் பெரும்பாலும் மீண்டும் ஓடும்.

ஊசியிலும் கவனம் வேண்டும். 78 சுற்றுத் தட்டின் பள்ளத்துக்கு ஏறக்குறைய 75 மைக்ரான் முனையும், எல்.பி. தட்டுக்கு 25 மைக்ரான் முனையும் பொருந்தும். மாற்றிப் போட்டால் தட்டு கெடும். கிராமபோனின் எஃகு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்றவேண்டும்.

பரணிலிருந்து இறக்கிய வால்வு செட்டை உடனே பிளக்கில் செருகக்கூடாது. பழைய மின்தேக்கிகளை மாற்றியபின், தொடரில் ஒரு குண்டு பல்பை இணைத்து மெல்ல மின்சாரம் கொடுப்பதே முறை. உள்ளே 250 வோல்ட் அளவுக்கு உயர்மின்னழுத்தம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் தங்கும். எனவே பழகிய மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது.