பெயர் எழுதாத இரண்டு பெண்கள்

நாலு பேர் ஒரு வீட்டில் கூடி, அதுவரை தொட்டே பார்த்திராத ஒரு கைத்தொழிலைச் செய்து பார்ப்பது இப்போது நல்ல பொழுதுபோக்காகியிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையில் எழும்பி நிற்கும் அடுக்கு வீடுகளில், வாரம் முழுவதும் கார்த் தொழிற்சாலையோடும் கைபேசித் தொழிற்சாலையோடும் மல்லுக்கட்டியவர்கள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நூலையும் ஒயரையும் எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். இது நம் காலத்துப் புதுமை என்று யாரும் எண்ண வேண்டாம். நம் தேச சரித்திரத்தில் பெரிய இடம் பெற்ற ஒரு கைத்தொழிலும் ஒரு காலத்தில் இப்படித்தான், ஒரு நண்பர் வீட்டில், நாலு பேர் கூடிப் பழகப்பட்டது.

காந்தியடிகள் 1909-ல் 'ஹிந்த் ஸ்வராஜ்' எழுதியபோது ராட்டையைக் கண்ணால் கண்டதில்லை. 1915-ல் தாய்நாடு திரும்பி ஆமதாபாத்தில் ஆசிரமம் வைத்தபோதும் கண்டதில்லை. இதை அவரே சுயசரிதையில் சொல்லுகிறார். ஆசிரமத்தில் தறி போட்டார்கள். ஆனால் அதற்கு நூல் ஆலையிலிருந்துதான் வந்தது. கையால் நூற்பவர் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்து விசாரித்து அலுத்துப்போன சமயத்தில், 1917-ல், கங்காபென் மஜும்தார் என்ற துணிச்சல்கார அம்மையாரைச் சந்தித்தார். அந்த அம்மையார் குஜராத் முழுவதும் அலைந்து, கடைசியில் பரோடா சமஸ்தானத்து விஜாப்பூரில் ராட்டைகளைக் கண்டுபிடித்தார். வீடுகளில் அவை வேண்டாத சாமானோடு சாமானாகப் பரணில் கிடந்தன. பட்டை போட்ட பஞ்சு கொடுத்து, நூலை வாங்கிக்கொள்ளவும் ஆளிருந்தால் மறுபடி நூற்கிறோம் என்றார்கள் அவ்வூர்ப் பெண்கள்.

இதற்குப் பிறகுதான் நான் சொல்ல வந்த வீட்டுக் கூட்டம். காந்தியடிகள் உடம்பு சரியில்லாமல் பம்பாயில் படுத்திருந்தார். படுத்த படுக்கையிலும் தேடல் நிற்கவில்லை. நூற்கத் தெரிந்த பெண்கள் இருவர் அகப்பட்டார்கள். நூற்கத் தெரிந்தால் போதுமா? பஞ்சை அடித்துப் பட்டை போட ஆள் வேண்டாமா? அவருடைய நண்பர் ரேவாசங்கர் ஜவேரியின் வீட்டு வழியாக, மெத்தைக்குப் பஞ்சு கொட்டுகிறவன் ஒருவன் வில்லை மீட்டிக்கொண்டு தினந்தோறும் போவான். அவனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். கொழுத்த கூலி கேட்டான், கொடுத்தார்கள். அப்படி நூற்ற நூலை வைஷ்ணவ நண்பர்கள் பவித்ர ஏகாதசி மாலைக்கு வாங்கிக்கொண்டார்கள்.

அந்த இரண்டு பெண்களிடம் நூற்கக் கற்றுக்கொண்டவர்கள் யார் யார் என்று சுயசரிதையில் பட்டியலே இருக்கிறது. அவந்திகாபாய், ராமிபாய் காம்தார், சங்கர்லால் பாங்கரின் விதவைத் தாயார், வசுமதிபென். ராட்டையின் ரீங்காரம் நோயாளியின் அறையை நிறைத்தது. தம் உடம்பு தேறியதில் அந்த ஓசைக்கும் பங்குண்டு என்கிறார் அடிகள்.

கற்பித்த பெண்களின் பெயர் மட்டும் அதில் இல்லை. அவர்களைப் பற்றித் தெரிவதெல்லாம் கூலிக் கணக்குத்தான். 28 தோலா நூலுக்கு ஒரு ரூபாய் வாங்கினார்கள். விஜாப்பூர்க் கூலியோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது தாம் ஏமாந்துகொண்டிருப்பதாக அடிகளுக்குத் தோன்றியது. குறைக்கச் சொன்னார். அவர்கள் மறுத்தார்கள். அத்தோடு வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மாணவிகள் சரித்திரத்துக்குள் போனார்கள். ஆசிரியைகள் தெருவில் இறங்கி நடந்தார்கள்.

குருவின் பெயரை மறக்கிற வழக்கம் நம்மவருக்கு உண்டா என்றால், கிடையாது. ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த உடையவர், திருக்கோஷ்டியூர் நம்பியிடம் ஒரு ரகசியார்த்தத்தைக் கேட்கப் பதினெட்டு முறை நடந்தார் என்கிறது குருபரம்பரை. அந்த ரகசியத்தைப் பின்னர் ஊருக்கே சொல்லிவிட்டார் சிஷ்யர். ஆனாலும் இத்தனை நூற்றாண்டுக்குப் பிறகும் நம்பியின் பெயரைச் சொல்லாமல் அந்தக் கதையை யாரும் சொல்லுவதில்லை. வாயால் கற்பிக்கிறவருக்கு இருக்கிற அந்த மரியாதை, கையால் கற்பிக்கிறவர் விஷயத்தில் மட்டும் எங்கே போய்விடுகிறது?

ஒரகடத்துப் பக்கம் நண்பர் வீட்டில் நடந்த ஒயர் கூடைக் கூட்டம் ஒன்றுக்கு நானும் போயிருந்தேன். கற்றுக்கொடுக்க வந்தவர் பக்கத்துக் கிராமத்து அம்மாள். ராட்சத யந்திரங்களை விரலசைவில் ஆட்டிவைக்கும் இன்ஜினீயர் ஒருவர், கூடைக்கு அடி போடுவதற்குள் வியர்த்துப்போனார். அந்த அம்மாளோ எங்களோடு பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே, நெல்லிக்காய் முடிச்சும் சிவன் கண்ணும் போட்டுக்கொண்டு போனார். முடிவில் தலைக்கு 300 ரூபாய் கேட்டார்.

"கூடையே கடையில அந்த விலைக்குக் கிடைக்குதேம்மா?" என்றார் வீட்டுக்கார அம்மாள்.

"கடையில கூடை கிடைக்கும், முடிச்சு கிடைக்காதுங்க" என்றார் அவர். ஆனாலும் பேரம் 200-ல்தான் முடிந்தது.

அன்று முழுவதும் அவரை எல்லாரும் 'கூடைக்காரம்மா' என்றே அழைத்தார்கள். வாசலில் விடைபெறும்போது, உங்களைப் பற்றி எழுதப்போகிறேன், பெயரைச் சொல்லுங்கள் என்றேன்.

"பேரு எதுக்குங்க? முந்நூறு கேட்டேன், இருநூறு குடுத்தாங்கன்னு எழுதுங்க" என்றார்.

சரித்திரம் எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல யோசனை யாரும் சொல்ல முடியாது. பெயர் என்கிற மரியாதையை அச்சில் கொடுத்துவிட்டுக் கூலியில் கை வைப்பது நமக்கு எப்போதுமே சுலபம்.

பம்பாய் வீட்டில் சுழன்ற ராட்டை வெகு சீக்கிரம் தேசம் முழுவதும் சுழன்றது. 1924 டிசம்பரில் பெல்காம் காங்கிரஸ், அங்கத்தினர் சந்தாவையே மாதம் 2,000 கெஜம் நூல் என்று ஆக்கியது. வக்கீல்களும் வாத்தியார்களும் தக்கிளியோடு உட்கார்ந்தார்கள். அவர்கள் நூற்ற நூலில் நெசவு செய்தவர்கள் பட்ட பாடு தனிக் கதை. முறுக்கு ஒரே சீராக இல்லாத நூல் தறியில் அடிக்கடி அறுந்துபோகும். மறு வருஷம் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தை ஆரம்பித்தார். அங்கே நூற்றவர்கள் புதுத் தொழிலைப் பரீட்சை பார்க்க வந்தவர்கள் அல்ல. மழை பொய்த்த கிராமங்களில் அடுப்பெரிய வேண்டுமென்று பஞ்சு வாங்கிப்போன பெண்கள். ஒரே ராட்டைதான். ஒருவருக்கு அது விரதம், இன்னொருவருக்கு அது கஞ்சி.

இந்த வித்தியாசத்தைக் காந்தியடிகள் மறந்துவிடவில்லை என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் அநியாயம். 1935-ல் அகில பாரத சர்க்காச் சங்கம் அவருடைய தூண்டுதலின்மேல் ஒரு தீர்மானம் செய்தது. 8 மணி நேரம் ஒழுங்காக நூற்றால், ஒருத்தியின் சாப்பாட்டுக்கும் வருஷத்துக்கு 20 கெஜம் துணிக்கும் காணும்படியாகவாவது கூலி கிடைக்க வேண்டும் என்பது அதன் சாரம். கதர் விலை ஏறிவிடும், வியாபாரம் படுத்துவிடும் என்று உடன் வேலை செய்தவர்களே முறையிட்டார்கள். ஏறினால் ஏறட்டும் என்றார் அடிகள். நூற்பவளை வயிறு காயவைத்து மலிவாகக் கிடைக்கும் கதர் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

கூலியைக் குறைக்க மாட்டோம் என்று பம்பாய் வீட்டுப் படியிறங்கிய இருவரும் அப்போது உயிரோடு இருந்தார்களோ இல்லையோ, யார் கண்டது? தீர்மானம் அவர்கள் காதில் விழுந்திருந்தால், "இதைத்தானே அன்றைக்கே சொன்னோம்!" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.